விலையைச் சொல்லிப் பள்ளியை மாற்ற முடியாது

கட்டற்ற மென்பொருளுக்காகப் பள்ளி நிர்வாகத்திடம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது விலையைத்தான். உரிமத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பார்கள். இந்த வாதம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எடுபடுவதில்லை. கணினி விற்பவரே உரிமமில்லாத நகலை நிறுவிக் கொடுத்துவிடும் பள்ளிக்கு எல்லா மென்பொருளும் ஏற்கெனவே இலவசம். முறையாக நடக்க விரும்பும் பள்ளிக்கோ, மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆஃபீசின் இணையவழிக் கல்விப் பதிப்பைக் கட்டணமின்றித் தருகிறது. எனவே வாதம் விலையிலிருந்து பாடத்துக்கு நகர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் நான்கு உரிமைகளைப் பேசுகிறது: விரும்பியபடி இயக்குதல், உள்ளே பார்த்துப் படித்தல், மாற்றுதல், பிறருக்குப் பகிர்தல். கல்விக்கூடத்துக்கு இவற்றுள் படித்தலும் பகிர்தலும் உயிர்நாடி. “சார், இதை வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளலாமா?” என்று ஒரு மாணவி பென்டிரைவை நீட்டும் கணத்தை எண்ணிப் பாருங்கள். வணிக மென்பொருள் என்றால் ஆசிரியர் மறுக்க வேண்டும். இல்லையேல் சட்டமீறலுக்குத் துணைபோக வேண்டும். லிப்ரெஆஃபிஸ் போன்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பு என்றால் மனநிறைவோடு கொடுத்து அனுப்பலாம். பகிர்ந்துகொள் என்று சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இது சிறிய வேறுபாடு அன்று.

கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் வேலையை நம் பாடநூல் முன்பே செய்துவிட்டது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓப்பன்ஆஃபிஸைக் கற்பிக்கிறது. கணினி அறிவியல் நூலில் விண்டோசுடன் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான், பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் வருகின்றன. நூலில் ஓப்பன்ஆஃபிஸ் ரைட்டரையும் திரையில் மைக்ரோசாஃப்ட் வேர்டையும் பார்க்கும் பிள்ளை, கற்பதை விட்டுவிட்டு ‘அந்த மெனு எங்கே’ என்று தேடிக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்ல இதைவிட வலுவான வாதம் இல்லை. நாம் கேட்பது புதுமையை அன்று, பாடநூலோடு ஆய்வகம் ஒத்துப்போவதை.

உண்மையான தடை பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை, அலுவலக அறையில் இருக்கிறது. பல ஆண்டு வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகிக் கிடக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைக்குறிகள்தாம். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அது இல்லாத லினக்ஸ் கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த ஐந்து குறிகளே தெரியும். ‘லினக்ஸில் தமிழ் வராது’ என்ற முடிவு அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். அதே எழுத்துரு இல்லாத விண்டோஸ் கணினியிலும் இதே கதைதான். குறை பழைய குறியாக்கத்துடையது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுவிட்டது. ஆகவே பரப்புரையாளர் முதலில் செய்யவேண்டியது உரை நிகழ்த்துவதன்று. மாற்றிக் கருவியைக் கொண்டு பழைய வினாத்தாள்களை ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, தட்டச்சு செய்பவருக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிட வேண்டும். அந்த ஒருவர் ஒப்புக்கொண்டால் பள்ளியில் பாதி ஒப்புக்கொண்டது போல.

விலையைத் தாண்டிப் பள்ளிக்குள் இருப்பவர்களை அணுகினால் மாற்றம் வரும் என்பதற்குக் கேரளம் சான்று. 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர் குனு/லினக்ஸுக்கு முழுமையாக மாறி, 2017இல் ‘கைட்’ என்ற நிறுவனமாயிற்று. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. அங்கு விலை மட்டும் வெல்லவில்லை. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். மலையாளத்தோடும் பாடத்துக்கேற்ற செயலிகளோடும் தங்களுக்கென ஓர் இயங்குதளத்தையே தொகுத்துக்கொண்டார்கள். புதிய மென்பொருள் குறித்த ஆசிரியரின் அச்சத்தை மதித்த இடத்தில் மாற்றம் நிலைத்தது.

இப்போது காலமும் நெருக்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய செயலியும் கேட்கிறது. பழைய ஆய்வகக் கணினிகள் பல அந்த வாசலில் நின்றுவிடும். அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒன்றே ஒன்றில் லினக்ஸை நிறுவிப் பாருங்கள். அடுத்த பருவத் தேர்வின் தமிழ் வினாத்தாளை அதிலேயே ஒருங்குறியில் தட்டச்சு செய்து அச்சிடுங்கள். பிறகு ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுங்கள்.