நேஷனல் பர்மிட் வந்த கதை

1070-இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கன் எத்தனையோ போர் செய்தவன். ஆனாலும் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பேர்தான் நிலைத்தது. வண்டியை நிறுத்திக் காசு கேட்பது வியாபாரிக்கு எப்போதுமே பெரிய சமாச்சாரம்.

1939 மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓரிடத்துப் பர்மிட்டில் அடுத்த மாகாணத்துக்குள் போக அங்குள்ள அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். 1950-இல் வந்த அரசியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவு, நாடெங்கும் வணிகம் தடையின்றி நடக்கலாம் என்றது. அப்படியானால் மாநிலங்கள் வண்டிக்கு வரி போடலாமா? ராஜஸ்தான் பஸ்காரர்கள் வழக்காடினார்கள். சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி தடையாகாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (2016-இல் ஒன்பது நீதிபதிகள் இந்த 'ஈடு' வாதத்தைத் தள்ளினார்கள், பாகுபாடு காட்டாத வரி செல்லும் என்பது அவர்கள் முடிவு.)

லாரிக்காரர்களுக்கு வழி பிறந்தது 1975-இல், நேஷனல் பர்மிட் விதிகளால். பேர்தான் நேஷனல்! சொந்த மாநிலத்தையும் சேர்த்துக் குறைந்தது நான்கு மாநிலங்களுக்கு எடுத்தால் போதும். பர்மிட் ஐந்து வருஷத்துக்கு. ஆனால் வெளிமாநிலம் போகும் அங்கீகாரத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். 2010-க்கு முன் மாநிலத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5,000 கட்ட வேண்டியிருந்தது, அதுவும் தனித்தனி டிராஃப்டாக.

நாமக்கல் லாரி ஒன்று குவாஹாட்டி போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஆந்திரா, ஒரிசா, மேற்கு வங்காளம், அசாம். நடுவில் கிஷன்கஞ்ச் பக்கம் சாலை கொஞ்ச தூரம் பீகாருக்குள் நுழைந்து வரும். அதற்கும் ஒரு ஐயாயிரம். ஆக 25,000. லாரிக்காரர் இதைத் தன் கையிலிருந்தா போடுவார்? வாடகையில் ஏற்றுவார்; அது எங்கள் பில்லில் ஏறி, உங்கள் வீட்டு மளிகையில் இறங்கும்.

2010 மே மாதம் இது மாறியது. ஆண்டுக்கு ரூ. 15,000, அங்கீகாரக் கட்டணம் ரூ. 1,000, நாடு முழுதும் போகலாம். மாநிலங்கள் தொகையைப் பங்கிட்டுக்கொள்ளும். 2012-இல் 15,000 என்பது 16,500 ஆயிற்று. தூரம் போகிறவருக்கு லாபம்தான். மூன்று மாநிலம் மட்டும் போகிறவர் முன்பு கட்டியதும் அதே 15,000. அவருக்கு மிச்சம் டிராஃப்ட் எடுக்கும் அலைச்சல்தான். ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு என் அனுதாபம்: லோடு கிடைக்காமல் வண்டி நின்றாலும் வருஷத் தொகையில் குறைப்பில்லை.

பணம் கட்டிய வண்டியும் எல்லையில் நிற்கத்தான் செய்தது. அது விற்பனை வரிச் சோதனைச் சாவடிக்காக. அந்தச் சாவடிகள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகே எடுக்கப்பட்டன.