மரக்காணம் உப்பு: ஒரு பண்டம், பல விலைகள்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கடலோர ஊர். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இங்கே முடிகிறது. ஊரைச் சுற்றி 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் உள்ளன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இக்கடற்கரையில் உப்பின் விலை காலந்தோறும் எவ்வாறு மாறியது, அருகிலிருந்த பிரெஞ்சு எல்லைக்குள் அது எவ்வாறு மாறவிடாமல் தடுக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

விலை ஒப்பீட்டுக்கு ஏன் உப்பு?

ஒரே உணவுப்பண்டத்தின் விலையைக் கொண்டு நாடுகளை ஒப்பிடும் முறை 1986-இல் 'தி எக்கனாமிஸ்ட்' இதழால் புகழ்பெற்றது. அது எடுத்துக்கொண்ட பண்டம் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் 'பிக் மாக்'. ஆனால் அந்நிறுவனம் 1996-இல் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சி இல்லாமல் வந்தது. பிக் மாக் இருந்த இடத்தில் 'மகாராஜா மாக்' இருந்தது. அளவுகோலே மாறிவிட்ட பின் அளவை எப்படி நம்புவது? உப்பில் இந்தச் சிக்கல் குறைவு. ஏழை வீட்டுக் கஞ்சியிலும் அரண்மனைக் குழம்பிலும் ஏறக்குறைய அதே அளவுதான் போடுகிறார்கள். அதற்கு மாற்றுப் பொருளும் கிடையாது. அரசுகள் உப்பின் மேல் வரி போட விரும்பியதற்கும் இதுவே காரணம்.

நெல்லும் உப்பும்

தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய உப்பு விலை நாணயத்தில் சொல்லப்படவில்லை. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண், நெல்லுக்குச் சரிக்குச் சரியாக உப்புத் தருவதாகத் தெருவில் கூவுகிறாள். படிக்குப் படி என்பது எடையில் சமமன்று. உப்பு நெல்லைவிட ஏறக்குறைய இருமடங்கு கனம். அப்படிப் பார்த்தாலும் ஒரு கிலோ உப்புக்கு அரைக்கிலோ நெல் கிடைத்திருக்கிறது. உமணர்கள் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்றதால், அந்த விலையில் வண்டிக்கூலியும் அடங்கும்.

கும்பினியின் விலை

கிழக்கிந்தியக் கும்பினி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. விளைந்த உப்பை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அரசு நிர்ணயித்த விலையில்தான் விற்பனை. தொடக்க விலை கரிசைக்கு 70 ரூபாய். கரிசை என்பது 120 இந்திய மணங்கு, அதாவது ஏறக்குறைய நாலரை டன். (சென்னை மணங்கு இதைவிட மிகச் சிறியது, பழைய கணக்குகளைப் படிப்பவர்கள் இவ்விடத்தில் வழுக்கி விழுவது வழக்கம்.) 1809-இல் விலை 105 ரூபாய் ஆனது. 1844-இல் 180-க்கு உயர்த்தி, அதே ஆண்டில் 120-க்கு இறக்கினார்கள். கடலும் வெயிலும் அப்படியேதான் இருந்தன.

எல்லைக்கு அப்பால்

மரக்காணத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. நெப்போலியன் போர்களுக்குப் பின் அது பிரான்சிடம் திரும்பியபோது கும்பினிக்கு ஒரு கவலை எழுந்தது. அங்கே உப்பு மலிவாக விற்றால் கடத்தல் தொடங்கும், தனியுரிமை ஓட்டையாகும். பிரெஞ்சுப் பகுதிகளோ ஒரே வளையத்துக்குள் அடங்காமல், பிரிட்டிஷ் ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடந்தன. அந்த எல்லையைக் காவல் காப்பது பெரும்பாடு.

எனவே காவலுக்குப் பதில் பணம் கொடுத்தார்கள். 1815 மார்ச் 7 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சிய உப்பை வாங்கும் தனியுரிமை பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது. அதற்காக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்புக்கொண்டனர். பிரெஞ்சுப் பகுதியில் விற்கும் உப்பின் விலை சுற்றுவட்டார விலையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. 1818-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. உப்பள உடைமையாளர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் வழங்கப்பட்டது. தேவையான உப்பை அடக்கவிலைக்கு பிரிட்டிஷார் தருவார்கள். பிரெஞ்சு அரசு அதைப் பக்கத்து விலைக்கு விற்று, இடைப்பட்ட இலாபத்தை எடுத்துக்கொள்ளும்.

இரண்டு அரசுகளுக்கும் இதில் ஆதாயம். கடற்கரையில் குடியிருந்தும், அடக்கவிலைக்கு வந்திறங்கிய உப்பைக் கும்பினி விலை கொடுத்து வாங்கியவர்கள் புதுச்சேரி மக்கள். இரு நாடுகளுக்கிடையே ஒரு பண்டத்தின் விலை ஒன்றாக இருந்தால் அது சந்தையின் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அது லண்டனில் எழுதப்பட்டது.

வரி ஏறியதும் ஒழிந்ததும்

1876–78 பெரும்பஞ்ச காலத்திலேயே சென்னை மாகாணத்தின் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. மாகாணங்களின் வரியைச் சமன் செய்வதாகக் காரணம் சொன்னார்கள். வங்காளத்தில் குறைத்ததைச் சென்னையில் ஏற்றினார்கள். பிறகு 1882-இல் 2 ரூபாய், 1888-இல் மீண்டும் 2 ரூபாய் 8 அணா, 1907-இல் 1 ரூபாய். வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பெடுத்தது 1930 ஏப்ரலில். வரி முற்றிலும் ஒழிந்தது 1947 ஏப்ரலில்தான்.

இன்றைய பட்டியல்

வரி போனபின் விலையைப் பிரித்தது உப்பின் வகை. அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதற்கான தடை 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அளத்திலிருந்து கடைக்கு வரும் வழியில் இதனால் ஆலை ஒன்று நுழைந்தது. 2014-இல் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனம் 'அம்மா உப்பு' என்ற பெயரில் மூன்று வகைகளை வெளியிட்டது: சுத்திகரித்த அயோடின் உப்பு கிலோ 14 ரூபாய், இரும்பும் அயோடினும் சேர்த்தது 21 ரூபாய், சோடியம் குறைந்தது 25 ரூபாய். உமணப் பெண்ணிடம் இருந்தது ஒரே வகை.

மரக்காணத்துப் பாத்திகளில் வாருபலகையால் இழுத்து அம்பாரமாகக் குவிக்கப்படும் உப்பு மூட்டைக் கணக்கில் போகிறது. கோடை மழை ஒன்று பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அடுத்த பருவம் வரை வேலையே இல்லை. 2025–26 பருவத்தில் சாதா நெல்லுக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்தது. அந்த அறிவிப்புப் பட்டியலில் உப்பு இல்லை.