ஒற்றைப் பற்சக்கரத்தின் இன்பம்

பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் துவிச்சக்கரவண்டிப் போட்டி 1903ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதனை நடத்திய ஹென்றி தெகிராஞ்ச் என்பார், ஓடும்போதே கியர் மாற்றும் பொறியை முன்னணி வீரருக்கு நெடுங்காலம் மறுத்தார். வெற்றி உடல்வலிமையால் வரவேண்டுமேயன்றிப் பொறியின் துணையால் வரலாகாது என்பது அவர் கொள்கை.

ஆதலின் வீரர் பலர் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவான பற்சக்கரங்களைப் பொருத்தினர். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினர். 1910இல் 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாய் முதன்முறையாகப் போட்டியிற் சேர்க்கப்பட்டபோது, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவரும் உளர். 1937இல் தடை நீங்கியது. அப்பொறியைப் பயன்படுத்திய ரொஜே லாபெபி அவ்வாண்டு வாகை சூடினார்.

ஆயினும் பழைய முறை மறைந்துவிடவில்லை. பல கியர்கள் எளிதிற் கிடைக்கும் இந்நாளிலும் ஒற்றைக் கியரை விரும்புவோர் உளர். அவற்றுள் ஒருவகை வண்டியிற் சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும்; காலை ஓய்வாக வைத்திருத்தல் இயலாது. காலின் எதிரழுத்தமே வேகத்தைத் தணிக்கும். வீதியின் சிறு ஏற்ற இறக்கத்தையும் கால் உடனே உணரும். கியரைத் தெரியும் கவலையில்லை. பழுதாகும் உறுப்புகளும் சில.

கடினத்தில் ஓர் இன்பம் உண்டென்பதைத் தெகிராஞ்ச் அறிந்திருந்தார். ஆனால் அதனைக் கட்டளையாக்கினார். பிறர் சுமத்தும் கடினம் தண்டனை. தானே விரும்பி ஏற்கும் கடினமே விளையாட்டு.