றெம்பிராண்ட் வரைந்த றெம்பிராண்ட்

பத்திரிகைத் தொழிலில் நுழைபவனுக்குத் தொடக்கத்திலேயே புகட்டப்படும் பாடங்களுள் ஒன்று, செய்தியில் 'நான்' வரக்கூடாது என்பது. 'எமது நிருபர்' வரலாம். 'தெரியவருகிறது' என்று முடிக்கலாம். எழுதியவன் மட்டும் தலைகாட்டக் கூடாது. நீண்டகாலம் அவ்வாறே எழுதிப் பழகிய எனக்கு, தம்மையே பொருளாகக் கொண்ட கலைஞர்கள்மீது வியப்பும் உண்டு, சற்றே ஐயமும் உண்டு. தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்பவனை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஐரோப்பிய இலக்கியத்தில் இக்காரியத்தைத் துணிந்து செய்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் (1533-1592). நீதிமன்றப் பதவியைத் துறந்து, தமது மாளிகைக் கோபுரத்து நூலகத்தில் அமர்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1580 இல் நூலாயின. அந்நூலுக்குத் தாமே பொருள் என்பதை முகவுரையிலேயே அறிவித்துவிட்டார். தமது மறதியைக்கூட அவர் மறைக்கவில்லை. பிற்பட்ட பதிப்பிலே சிறுநீரகக் கல்லின் வேதனையையும் விரிவாக எழுதினார். இதற்கு அவர் காட்டிய நியாயம் சுவையானது. பார்-லெ-டுக் என்னும் ஊரில், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிரான்சிசுக்கு ஓர் ஓவியம் அளிக்கப்பட்டதை அவர் நேரில் கண்டிருந்தார். சிசிலியின் மன்னர் எனப் பட்டம் தாங்கியிருந்த ரெனே, தம்மைத் தாமே வரைந்த ஓவியம் அது. மன்னன் தூரிகையால் செய்ததை நான் பேனாவால் செய்தால் என்ன என்பது மொந்தேய்னின் கேள்வி.

தூரிகையால் இதனை இடைவிடாது செய்தவர் அவருக்குப் பின்வந்த ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் (1606-1669). வண்ண ஓவியம், செப்புத்தகட்டு அச்சு, கோட்டோவியம் யாவும் சேர்த்து ஏறத்தாழ 80 தடவை தம்மை வரைந்தவர். 1630 இல் அவர் செதுக்கிய சில அச்சுகள் அஞ்சல் முத்திரையிலும் சிறிது பெரியன, அவ்வளவுதான். அவற்றிலே சிரிக்கிறார், முகஞ்சுளிக்கிறார், திடுக்கிட்டவர்போல் வாய்திறந்து விழிக்கிறார். உணர்ச்சிகளைத் தீட்டப் பழகும் இளைஞனுக்குக் கூலி கேட்காத மாதிரி அவனுடைய முகந்தானே.

இவ்வோவியங்களை ஒரு சுயசரிதையாகப் படிப்பது 19 ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த வழக்கம். றெம்பிராண்ட் ஆய்வில் ஆயுளைச் செலவிட்ட ஏர்ன்ஸ்ட் வான் டி வெற்றரிங் அதனை மறுத்தார். தன்னுள்ளே தன்னைத் தேடுதல் என்ற கருத்தே அந்த நூற்றாண்டுக்குரியதன்று. புகழ்பெற்ற ஓவியரின் முகமும் அவரது கைவண்ணமும் ஒரே சட்டத்துள் கிடைப்பதை விரும்பி வாங்கியோர் இருந்தனர், அவர்களுக்காகவே வரைந்தார் என்பது அவரது வாதம். ஆதாரம் இல்லாமலில்லை. 1639 அளவிலேயே றெம்பிராண்டின் தன்னுருவ ஓவியம் ஒன்று இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ள்ஸின் சேகரிப்பில் இருந்தது.

வாதம் வலுவானது. ஆயினும் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. கூலிக்கு எழுதி வாழ்ந்தவன் என்ற முறையில் இதனை உறுதியாகச் சொல்வேன். எவருக்காக வரைந்தாலும், கண்ணாடியில் மணிக்கணக்காகத் தன் முகத்தைப் பார்த்தாக வேண்டியவர் ஓவியரே.

அவர் பார்த்த முகம் எத்தகைய காலத்து முகம்? மனைவி சஸ்கியா 1642 இல் இறந்தார். 13,000 கில்டருக்கு 1639 இல் வாங்கிய வீட்டின் கடன் தீரவேயில்லை. 1656 இல் வங்குரோத்து நிலையடைந்தார். நீதிமன்ற அலுவலர்கள் அறை அறையாகச் சென்று 363 உருப்படிகளைப் பட்டியலிட்டனர். ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே அம்ஸ்டர்டாமில் றெம்பிராண்டின் வீடு விலைபோயிற்று. நாடு செழித்தது, அதன் தலைசிறந்த ஓவியர் வீடிழந்தார். ஏலத்தில் போன பொருள்களுள் கருங்காலிச் சட்டமிட்ட ஒரு கண்ணாடியை மகன் டைட்டஸ் மீட்டு வாங்கினார். கொண்டு வரும் வழியில் அது உடைந்துபோனது என்கிறது அக்காலத்துச் சட்டப் பத்திரம் ஒன்று.

இனி, 1658 இல் அவர் தீட்டிய தன்னுருவத்தைப் பாருங்கள். நியூயோர்க்கின் பிரிக் சேகரிப்பில் இருக்கிறது. பொன்னிற ஆடை, கையில் கோல், அரியணையில் வீற்றிருக்கும் அரசனைப் போன்ற தோரணை. கடன்காரரிடம் அனைத்தையும் இழந்தவர் தம்மை அரசராகத் தீட்டியிருக்கிறார். வெறும் வீம்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் முகத்தை அவர் ஆடைக்கேற்ப மாற்றவில்லை. தொய்ந்த கன்னமும் களைத்த கண்களும் அப்படியே இருக்கின்றன. ஆடை சொல்வதை முகம் ஒப்புக்கொள்ளவில்லை. வரைந்தவருக்கு அது தெரிந்தே இருந்தது என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் கேட்டது ஆடையாக இருக்கலாம். முகத்தை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1663 இல் துணைவி ஹென்றிக்கேயும் 1668 இல் டைட்டஸும் மறைந்தனர். 1669 ஒக்டோபர் 4 இல் றெம்பிராண்ட் இறந்தார். அவ்வாண்டில் அவர் தீட்டிய தன்னுருவங்களுள் ஒன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அதில் அரசக் கோலம் இல்லை; செந்நிற மேலங்கியணிந்த 63 வயது முதியவர் கைகளைக் கோத்தபடி நம்மைப் பார்க்கிறார். எக்ஸ் கதிரால் அவ்வோவியத்தை ஆராய்ந்தபோது இரு மாற்றங்கள் தெரியவந்தன. தொப்பி முதலில் பெரிதாகவும் முற்றிலும் வெண்மையாகவும் இருந்திருக்கிறது. கைகளும் கோத்திருக்கவில்லை, தூரிகை பிடித்திருந்தன. அந்தத் தூரிகையை அவரே பின்னர் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்.