கணக்கு வாத்தியாரும் எட்டுப் பேர் படகும்

1920 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் படகுப் போட்டியின் தங்கம் அமெரிக்காவை விட்டு வேறெங்கும் போகவில்லை. உலகப் போரால் நடக்காமல் போன இரண்டு ஒலிம்பிக்கைக் கழித்தால் தொடர்ந்து எட்டு தடவை. எல்லாமே பல்கலைக்கழகக் குழுக்களும் கடற்படைக் கல்லூரிக் குழுவும் ஜெயித்தவை. பின்னால் பணமும் பழக்கமும் நூறு வருஷப் பாரம்பரியமும் இருந்தது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில், அல்பானோ ஏரியில், அந்த வரிசை அறுந்தது. அமெரிக்கப் படகு ஐந்தாவதாக வந்தது. ஜெயித்தது ஜெர்மனி. அந்தப் படகுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவர் போட்டியில் ஒருநாளும் துடுப்பு பிடித்தவர் இல்லை.

பேர் கார்ல் ஆடம். 1912இல் ஹாகன் நகரத்தில் பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டைக்காரர், 1937இல் பாரிஸில் நடந்த பல்கலைக்கழக மாணவர் விளையாட்டுகளில் ஹெவிவெயிட் சாம்பியன். போருக்குப் பிறகு 1948இல் வடக்கு ஜெர்மனியில் ராட்செபுர்க் என்ற சின்ன ஊரின் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கணிதம், இயற்பியல், உடற்பயிற்சி, இதுதான் அவர் பாடம்.

ராட்செபுர்க்கை வரைபடத்தில் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். ஏரிகளுக்கு நடுவில் ஒரு தீவு, அதன் மேல் ஊர், ஊர் ஓரத்தில் 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய செங்கல் தேவாலயம். கிழக்கே கொஞ்ச தூரத்தில் அப்போதைய கிழக்கு ஜெர்மனியின் எல்லை. அதாவது ரோடு முடிகிற ஊர். தண்ணீருக்கு மட்டும் பஞ்சம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படகு விடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உடற்பயிற்சி வாத்தியார் தலையில் விழுந்தது. 1953இல், பள்ளி முடித்த பையன்களும் தொடர்ந்து துடுப்பு போட ஓர் இடம் வேண்டும் என்று ராட்செபுர்க் படகுக் கழகம் தொடங்கியது. ஏழே வருஷத்தில் ஒலிம்பிக் தங்கம். பள்ளிப் பையன்களில் இருந்து ஆரம்பித்த ஒரு கழகத்துக்கு இது நம்ப முடியாத வேகம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் "படகோட்டம் தெரியாததால் பழைய பழக்கம் அவரைக் கட்டிப்போடவில்லை" என்பது. எனக்கு இந்த விளக்கம் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எல்லோரும் தங்கம் வாங்கித் தருவதில்லை. ஆடமுக்கு வேறு இரண்டு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது: ஒன்று தடகளமும் குத்துச்சண்டையும், இன்னொன்று இயற்பியல்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் படகோட்டப் பயிற்சி என்றால் பெரும்பாலும் நீண்ட தூரம் துடுப்பு போடுவதும் உடம்பின் அசைவு அழகாக இருக்கிறதா என்று கோச் கரையில் இருந்து கத்துவதும்தான். இங்கிலாந்தில் இந்த "அழகு" பற்றி ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது. ஸ்டீவ் ஃபேர்பேர்ன் என்ற ஆஸ்திரேலியர் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்துகொண்டு, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்காதே, கால் தள்ளுகிறதா என்று பார் என்று சொன்னதற்கே பெரிய எதிர்ப்பு. ஆடம் அந்தச் சண்டைக்குள்ளேயே போகவில்லை. ஓட்டக்காரர்களைப் பார்த்தார். ஃப்ரைபுர்க்கில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற கோச், டாக்டர் ஹான்ஸ் ரைண்டலோடு சேர்ந்து இடைவெளிப் பயிற்சியை உருவாக்கியிருந்தார்: கொஞ்ச தூரம் வேகமாக ஓடு, இதயத் துடிப்பு இறங்கும்வரை ஓய்வு, மறுபடி ஓடு. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அதை ஆடம் அப்படியே தண்ணீருக்குக் கொண்டுவந்தார். குளிர்காலத்தில் எடை தூக்கும் பயிற்சி. இன்று எந்தச் சின்னக் கழகத்திலும் சாதாரணம், அன்று படகுக்காரர்களுக்கு அது விசித்திரம்.

இரண்டாவது, இயற்பியல். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

எட்டுப் பேர் படகில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு துடுப்பு. வழக்கமான அமைப்பு இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி. பார்க்க ரொம்ப நியாயமாக இருக்கும். ஆனால் துடுப்பு வளைவாகப் போகிறது. வீச்சின் தொடக்கத்தில் படகைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளும், முடிவில் வெளிப்பக்கம் இழுக்கும். இந்தப் பக்கவாட்டு விசை படகைத் திருப்பப் பார்க்கும், அந்தத் திருப்புதிறன் உட்கார்ந்திருக்கும் இடத்தின் தூரத்தைப் பொறுத்தது. இருக்கைகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 1, 3, 5, 7. கூட்டினால் 16. மறுபக்கம் 2, 4, 6, 8. கூட்டினால் 20. சமம் இல்லை! எட்டுப் பேரும் ஒரே பலத்தோடு இழுத்தாலும் படகு ஒவ்வொரு வீச்சிலும் பாம்பு மாதிரி லேசாக நெளியும். நெளிந்தால் வேகம் போச்சு.

இத்தாலிக்காரர்கள், குறிப்பாக மோட்டோ குட்ஸி மோட்டார் சைக்கிள் கம்பெனியின் படகுக் கழகம், நாலு பேர் படகில் நடு இருவரையும் ஒரே பக்கம் வைத்தார்கள். 1 + 4 = 5, 2 + 3 = 5. கணக்கு சரி. ராட்செபுர்க்கில் இந்த யோசனை எட்டுப் பேர் படகுக்கு வந்தது: 4, 5 இருவரும் ஒரே பக்கம். அப்போது ஒரு பக்கம் 1, 3, 6, 8, மறுபக்கம் 2, 4, 5, 7. இரண்டும் 18. இதற்கு இன்றைக்கும் "ஜெர்மன் அமைப்பு" என்றுதான் பெயர். ரொம்ப வருஷம் கழித்து 2009இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜான் பேரோ, எட்டுப் பேர் படகில் இப்படி நெளியாத அமைப்பு மொத்தம் நாலே நாலுதான் உண்டு என்று காட்டினார். ஒன்று ஜெர்மன், ஒன்று இத்தாலியன் (1, 4, 5, 8). மீதி இரண்டை ஒரு காகிதம் எடுத்து நீங்களே கண்டுபிடிக்கலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

துடுப்பின் பலகையையும் விட்டுவைக்கவில்லை. நீளமாக ஒல்லியாக இருந்தது குட்டையாக அகலமானது. 1959இல் பிரான்சின் மாக்கோன் ஊரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மன் எட்டு அதோடு வந்து ஜெயித்ததால், அதற்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1991இல் வெட்டுக்கத்தி வடிவப் பலகை வரும்வரை உலகமே மாக்கோன் துடுப்புதான் பிடித்தது. வீச்சின் எண்ணிக்கையையும் கூட்டி, நிமிடத்துக்கு 40ஐ ஒட்டியும் தாண்டியும் போட்டார்கள். கரையில் நின்ற பழைய ஆட்கள் "இவனுங்க பாதியில் செத்துப்போவானுங்க" என்று நினைத்திருப்பார்கள். அல்பானோவில் ஜெர்மனி 5 நிமிடம் 57.18 விநாடி, இரண்டாவது வந்த கனடா 6 நிமிடம் 1.52. அந்த வேகத்தில் இது ஏறத்தாழ 24 மீட்டர் இடைவெளி, ஒரு படகு நீளத்தைவிட அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் உபகரணமும் பயிற்சியும். ஆட்களைப் பற்றிய கதை இன்னும் சுவாரசியம்.

ரோமில் ஜெயித்த படகு முழுக்க ராட்செபுர்க் படகு இல்லை. ராட்செபுர்க், கீல் என்ற இரண்டு ஊர்க் கழகங்களைச் சேர்த்து உருவாக்கியது. இரண்டு கும்பலுக்கும் ஆகவே ஆகாது. படகுக்குள்ளேயே இரு கட்சி. குழு உடைந்துபோகும் நிலைவரை போனது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஹான்ஸ் லெங்க், பின்னாளில் கார்ல்ஸ்ரூஹேயில் தத்துவப் பேராசிரியர். 1960களில் அவர் தன் சொந்தப் படகையே ஆய்வுப் பொருளாக்கி எழுதினார்: குழுவுக்குள் ஒற்றுமை இருந்தால்தான் உச்ச செயல்திறன் வரும் என்ற கோட்பாடு தப்பு, நாங்கள் சண்டை போட்டுக்கொண்டேதான் ஜெயித்தோம், சண்டை கூடக்கூட எங்கள் செயல்திறனும் கூடத்தான் செய்தது. நம் ஆபீஸ்களில் "டீம் பில்டிங்" என்று பலூன் ஊதவிடும் ஆட்கள் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் சண்டையைத் தாங்கிக்கொள்ளும் கோச் வேண்டுமே. ஆடம் பயிற்சித் திட்டத்தை ஆணையாகப் போடுவதற்குப் பதில் பேசி வாதிட்டு முடிவு செய்யும் வழக்கத்தை வைத்திருந்தார். பையன்கள் ஏன் என்று கேட்கலாம். "ஏன்" என்று கேட்கத் தெரிந்தவன்தான் கடைசி 500 மீட்டரில், யாரும் கத்தாதபோதும், இழுப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததன் விளைவை நேரில் பார்த்த தலைமுறையின் நடுவில் இது வெறும் பயிற்சி உத்தி மட்டுமாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். மாணவர் போராட்டக் காலத்தில் "போட்டி விளையாட்டே முதலாளித்துவச் சுரண்டல்" என்ற குரல் எழுந்தபோது, லெங்க் எழுத்தில் எதிர்வாதம் செய்தார்: தானாக விரும்பி எடுத்துக்கொண்ட உழைப்பு சுரண்டல் ஆகாது. இந்த வாதம் 14 வயதுப் பையனுக்கும் பொருந்துமா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. அந்த வயதில் "நானே விரும்பினேன்" என்பதில் வாத்தியாரின் முகம் எவ்வளவு இருக்கிறது?

14 வயது என்று சும்மா சொல்லவில்லை. 1964இல் டோக்கியோவில், காற்றால் தாமதமாகி இருட்டில் வெளிச்சக் குண்டுகள் ஏற்றி முடித்த இறுதிப் போட்டியில், அமெரிக்காவின் வெஸ்பர் கழகம் ஜெர்மனியை இரண்டாவதாக்கியது. 1968இல் மெக்சிகோ, கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரம், மூச்சு விடுவதே கஷ்டம். மேற்கு ஜெர்மனி ஆஸ்திரேலியாவை ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தியது. படகின் கடைசியில் உட்கார்ந்து சுக்கான் பிடித்து, தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள எட்டுப் பேரை ஓட்டிய பையன் குந்தர் டீர்ஷுக்கு வயது 14. பின்னாளில் ஜெர்மன் டிவியில் பல வருஷம் வானிலை அறிக்கை வாசித்தார்.

1966இல் ராட்செபுர்க்கில் படகோட்டக் கழகத்துக்கென்று ஒரு பயிற்சி நிலையமே திறந்தார்கள், இன்றும் அது இயங்குகிறது. 1972இல் சொந்த நாட்டில், மியூனிக்கில், மேற்கு ஜெர்மனியின் எட்டுக்குப் பதக்கம் இல்லை. நியூசிலாந்து தங்கம், அமெரிக்கா வெள்ளி, வெண்கலம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழக்கு ஜெர்மனிக்கு. இடைவெளிப் பயிற்சியும் எடை தூக்குவதும் அதற்குள் எல்லோரிடமும் இருந்தது. ஆடம் 1976இல் காலமானார்.