ககாரினின் மரணமும் பூட்டிய கோப்புகளும்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரின் அறைக்கு வெளியே ஒரு விபத்துப் பதிவேடு இருக்கிறது. விரல் வெட்டுப்பட்டாலும் அதில் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு, எந்த இயந்திரத்தில், யார் பக்கத்தில் நின்றார், தரை ஈரமாக இருந்ததா. ஊரில் வரலாறு படிப்பித்த எனக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு மரியாதை உண்டு. யூரி ககாரினின் மரணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

ககாரின் இறந்த 1968ஆம் ஆண்டில் பிறந்தவன் நான். அப்பா இடதுசாரி. சஞ்சிகையிலிருந்து வெட்டிய ககாரினின் படமொன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. 1961 டிசம்பரில் அவர் இலங்கைக்கு வந்து போனதை அப்பா கோயில் திருவிழாவைச் சொல்வதுபோலச் சொல்வார். எப்படிச் செத்தவர் என்று கேட்டால் மட்டும், "பிளேன் விழுந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. மொஸ்கோவும் அதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை.

108 நிமிடங்களில் பூமியைச் சுற்றி வந்து மூன்று மாதங்களில், 1961 யூலை 11ஆம் திகதி, அவர் லண்டன் வந்தார். பக்கிங்ஹாம் அரண்மனையில் மகாராணியுடன் விருந்துண்டார். ஹைகேற்றில் மார்க்சின் கல்லறைக்கும் போனார். ஆயினும் எனக்கு முக்கியமாகப் படுவது மன்செஸ்டர் பயணமே. வார்ப்புத் தொழிலாளர் சங்கம் அவரை அழைத்துத் தனது முதலாவது கௌரவ உறுப்பினராக்கியது. காரணம் எளிது. தச்சுத் தொழிலாளியின் மகனான அவர், விமானமோட்டப் படிக்கு முன்னர் லூபெர்ற்சியில் வார்ப்பு வேலை பழகியவர். கொட்டும் மழையில் திறந்த காரில் போனவரைப் பார்க்கத் தொழிலாளர்கள் தெருவோரம் நனைந்தபடி நின்றார்கள்.

அதன்பின் அவர் ஒரு சின்னமாகிப் போனார். சின்னத்தை உடைய விடலாமா? விமானமோட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த சந்தர்ப்பங்கள் அருகின. 1967 ஏப்ரலில் நண்பர் கொமரோவ் சோயுஸ்-1 கலத்தில் இறந்த பின்னர் விண்வெளிப் பயணமும் மறுக்கப்பட்டது. குறைந்தபட்சம் தனியாக விமானம் ஓட்டும் தகுதியையாவது மீளப் பெற அவர் விரும்பினார். 1968 மார்ச் 27 காலை, போர் அனுபவம் மிக்க பயிற்றுநர் செர்யோகினுடன் மிக்-15 பயிற்சி விமானத்தில் ச்கலோவ்ஸ்கி தளத்திலிருந்து புறப்பட்டார். மேகம் இரண்டு அடுக்குகளாக இருந்த நாள். சில நிமிடங்களில், பயிற்சி முடிந்தது, திரும்புகிறேன் என்று அறிவித்தார். அதன்பின் குரல் இல்லை. கிர்ஷாச் நகருக்கு அருகே காட்டில் விமானம் விழுந்து கிடந்தது. அவருக்கு வயது 34.

விசாரணை நடந்தது. 29 தொகுதிகள் எழுதப்பட்டன. எழுதியவற்றைப் பூட்டி வைத்தார்கள். பூட்டிய கதவின் முன்னால் வதந்திகள் வளர்ந்தன: குடித்திருந்தார், கொன்றுவிட்டார்கள், எங்கோ ஒரு மனநோய் மருத்துவமனையில் உயிரோடு இருக்கிறார். 2011 ஏப்ரலில்தான், 43 ஆண்டுகள் கழித்து, விசாரணையின் முடிவை வெளியிட்டார்கள். வானிலைப் பலூனையோ மேகத்தையோ தவிர்க்கச் சடுதியாகத் திரும்பியதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்பது அது. 2013இல் விண்வெளி வீரர் லெயோனொவ் வேறொன்று சொன்னார்: உயரக் கட்டுப்பாட்டை மீறித் தாழப் பறந்த சு-15 விமானமொன்று அருகால் கடந்ததில் மிக்-15 நிலைகுலைந்தது. அதை ஓட்டியவரின் பெயரை அவர் சொல்லவில்லை.

இதில் எது உண்மையாயினும், இவை சாதாரண மனிதத் தவறுகள். இவற்றை மறைக்க ஒரு வல்லரசு ஏன் இவ்வளவு பாடுபட்டது? நாயகன் ஒருவன் கவனக்குறைவினால் சாகக்கூடாது என்பதே பதில். உயரக் கட்டுப்பாட்டை மீறியவன், வானிலையைச் சரிவர அறிவிக்காதவன் என்று எழுதத் தொடங்கினால் கேள்வி மேலே மேலே ஏறிப்போகும். ஆகவே சாம்பலைக் கிரெம்ளின் சுவரில் வைத்தார்கள், கோப்பைப் பெட்டகத்தில் வைத்தார்கள்.

முடிவு வெளியான அதே 2011இன் யூலையில் லண்டனுக்கு ககாரினின் சிலை வந்தது. லூபெர்ற்சியில் அவர் தொழில் பழகிய இடத்தில் நிற்கும் சிலையின் பிரதி அது. முதலில் மோல் வீதியில் நின்றது, 2013இல் கிறீனிச்சுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றேன். அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

"அவர் செய்ததைப் பேசுங்கள், செத்த விதத்தை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று நண்பரொருவர் கேட்டார். இந்தக் கேள்வியை நாம் வேறு பலருடைய மரணங்கள் குறித்தும் கேட்டிருக்கிறோம். எங்களிடம் விளக்குகள் உண்டு, மாலைகள் உண்டு, சுவரில் படங்கள் உண்டு. யார், எப்போது, யாருடைய கட்டளையில், யாருடைய தவறினால் என்று எழுதிய பதிவேடு மட்டும் மிகக் குறைவு. இருப்பவற்றையும் பூட்டி வைத்திருப்பவர் அரசு மட்டுமல்லர்.

ஒரு வார்ப்புத் தொழிலாளியின் விபத்தைத் தொழிலாளியின் விபத்தாகவே எழுதியிருந்தால் ககாரின் சிறுத்துப்போயிருக்க மாட்டார். அடுத்த விமானத்தில் ஏறப்போகும் பையனுக்கு அது உதவியிருக்கும்.