இன்ஜினில் எந்த சிலிண்டர் பழுது? ஒரு பழைய ஃபோர்டு காரின் கதை



இயற்பியல் ஆய்வகத்தில் தூண்டு சுருளைப் பார்த்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேலே ஒரு சிறு தகடு ரீங்காரமிட்டு அதிரும். முனைகளுக்கு நடுவே பொறி பாயும். "இது எதுக்கு சார் பயன்படும்?" என்று அன்று கேட்டவர்களுக்கு இன்று விரிவாகப் பதில் சொல்கிறேன்.

1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். 1850-களில் பாரிஸில் ரும்கார்ஃப் தூண்டு சுருளைச் செம்மைப்படுத்தி விற்றார். 1908 அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட 'மாடல் டி' காரில் அதே தத்துவம் ஏறி உட்கார்ந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான கார் அது.

அதன் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். குதிரைத் திறன் 20 மட்டுமே. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு காயில். நான்கும் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு பெட்டியில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் அதிரும் தகடு. பறக்கும் சக்கரத்தில் பொருத்திய 16 காந்தங்கள் மின்சாரம் தரும். எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்பதை இன்ஜினின் முன்பக்கமுள்ள 'டைமர்' தீர்மானிக்கும்.

இந்தக் காரை வாங்கியவர்களில் ஏராளமானோர் கிராமத்து விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது. நம்மூரில் "வண்டி மிஸ் அடிக்குது" என்போமே, அப்படி இன்ஜின் தடுமாறினால் தானே பார்த்தாக வேண்டும். வழியில் நின்றால் சந்தைக்குப் போகும் சரக்கும் நின்றுவிடும். அவர்களுக்காக ஃபோர்டு நிறுவனம் கேள்வி பதில் வடிவில் ஒரு கையேடு கொடுத்தது. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது!

அதிலுள்ள முறையைக் கேளுங்கள். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, 1, 4 ஆகிய காயில்களின் தகடுகளை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிர்வு நின்றால் பொறி இல்லை. அந்த இரண்டு சிலிண்டர்களும் மௌனம். மீதி 2, 3 சீராக ஓடினால், பழுது 1-ல் அல்லது 4-ல். அடுத்து 4-ஐ விட்டுவிட்டு 1, 2, 3 மூன்றையும் அழுத்த வேண்டும். 4 தனியாகச் சீராக ஓடினால், குற்றவாளி 1. ஓடத் தடுமாறினால் 4-ல்தான் கோளாறு. கருவி எதுவும் வேண்டாம். விரலும் காதும் போதும்.

சிலிண்டர் தெரிந்துவிட்டது, காரணம்? பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுதும் கூடவே இடம் மாறினால் காயில்தான் கெட்டது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் வயர், டைமர். கடுங்குளிரில் டைமருக்குள் எண்ணெய் உறைந்தாலும் பொறி தவறும். முன்பக்கக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால், அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் வீதம் கைக்கு எதிர்ப்பு தெரியும். எங்கே எதிர்ப்பு குறைகிறதோ அங்கே வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

1927 இறுதியில் வந்த 'மாடல் ஏ' காரில் ஒரே காயில், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். நான்கு காயில் பெட்டியின் காலம் முடிந்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: இன்றைய கார்கள் பலவற்றில் மறுபடியும் சிலிண்டருக்கு ஒரு காயில்! கம்ப்யூட்டர் 'பி0301' என்று காட்டினால், முதல் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று பொருள். மெக்கானிக் அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றுவார். குறி 'பி0302' ஆனால் காயில் பழுது. நூறு ஆண்டுக்கு முந்தைய விவசாயி செய்த அதே சோதனை.

பிள்ளைகளே, ஒன்று தடுமாறினால் எல்லாவற்றையும் கழற்றிப் போடத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, விளைவைக் கவனி. ஆய்வகத்தில் நாம் படித்த அறிவியல் முறையும் இதுதான். படிப்பு அதிகமில்லாத எத்தனையோ பேர் தங்கள் காரிலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள். இன்று காசு கொடுத்து அவசரமாகப் புதுப் பொருள் வாங்கி மாட்டும் முன், உங்கள் குழந்தைகளுக்கு இந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுங்கள்.

வண்டித் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால் மகிழ்வேன்.